பஃபர் வரையும் முன் எங்கிருந்து அளப்பது? வட சென்னை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

வரைபடத்தில் ஒரு பள்ளியையோ கால்வாயையோ சுற்றிக் குறிப்பிட்ட தூரம் வரை பஃபர் எனப்படும் சுற்றெல்லையை வரைவது, ஜி.ஐ.எஸ். எனப்படும் புவியியல் தகவல் மென்பொருளில் சில நொடி வேலை. ஆனால் அந்தத் தூரத்தை எந்த அலகில், எந்த விளிம்பிலிருந்து அளப்பது என்பதை வரைபவர்தான் தீர்மானிக்க வேண்டும். இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் சுற்றியே அமைந்திருக்கின்றன.

ரேஷன் கடைகளைச் சுற்றி 500 மீட்டர் பஃபர் வரைய, கியூஜிஐஎஸ் என்ற ஜி.ஐ.எஸ். மென்பொருளில் 500 என்று கொடுத்தேன். உலக வரைபடத்தையே மூடும் வட்டம் வந்தது. 0.0045 என்று கொடுத்தால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். அப்படிச் செய்யலாமா? (கல்லூரி மாணவி, கொருக்குப்பேட்டை)

செய்ய வேண்டாம். உங்கள் லேயர், அதாவது கடைகளின் தரவு அடுக்கு, இ.பி.எஸ்.ஜி. 4326 என்ற எண்ணுள்ள ஆயத்தொலை முறையில் (இடங்களை எண்களால் குறிக்கும் முறையில்) இருக்கிறது. அதன் அலகு மீட்டர் அன்று, பாகை. எனவே நீங்கள் கேட்டது 500 பாகை. நண்பர் சொல்லும் எண் பார்வைக்கு அரை கிலோமீட்டர் போலத் தோன்றினாலும், சென்னையின் அட்சரேகையில் ஒரு பாகை வடக்கு-தெற்காகச் சுமார் 110.6 கிலோமீட்டர், கிழக்கு-மேற்காகச் சுமார் 108.4 கிலோமீட்டர் என்பதால், 0.0045 பாகை ஒரு திசையில் 498 மீட்டரும் மறு திசையில் 488 மீட்டருமாக அமைந்து, வட்டம் நீள்வட்டமாகிவிடும். இங்கு வேறுபாடு சிறியதுதான். வடக்கே போகப் போக அது பெருகும் என்பதால், அந்தப் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே விட்டுவிடுவது நல்லது.

சரியான வழி, லேயரை, மீட்டரில் அளக்கும் யு.டி.எம். ஆயத்தொலை முறையின் 44 வடக்கு மண்டலத்துக்கு, அதாவது இ.பி.எஸ்.ஜி. 32644-க்கு, மாற்றிக்கொண்டு பிறகு 500 மீட்டர் என்று கொடுப்பதே. கிழக்குத் தீர்க்கரேகை 78 முதல் 84 பாகை வரையான பகுதிக்கு உரிய அந்த மண்டலத்தில் சென்னை முழுவதும் அடங்கும். இந்த மாற்றத்தை ‘ரீப்ரொஜெக்ட் லேயர்’ கருவியால் செய்ய வேண்டும். ‘செட் லேயர் சி.ஆர்.எஸ்.’ என்பது லேயரின் ஆயத்தொலை முறைப் பெயர்ச்சீட்டை மட்டும் மாற்றும், எண்களை மாற்றாது. அதைப் பயன்படுத்தினால் உங்கள் கடைகள் கொருக்குப்பேட்டையை விட்டு எங்கோ போய்விடும். திரையின் கீழ் மூலையில் தெரியும் புராஜெக்டின் ஆயத்தொலை முறையை மாற்றினாலும் பயனில்லை, ஏனெனில் பஃபர் கருவி லேயரின் சொந்த அலகையே பார்க்கும்.

இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் இ.பி.எஸ்.ஜி. 3857 மீட்டரில்தானே இருக்கிறது என்றும் சிலர் கேட்பதுண்டு. அந்த மீட்டர் நிலநடுக்கோட்டில் மட்டுமே உண்மையான மீட்டர். சென்னையில் அதில் வரையும் 500 மீட்டர் வளையம் தரையில் 12 முதல் 16 மீட்டர் வரை குறைந்துவிடும்.

பள்ளிகளிலிருந்து 100 கெஜத்துக்குள் இருக்கும் புகையிலைக் கடைகளைப் பட்டியலிடுகிறோம். பள்ளியின் மேல் ஒரு புள்ளி வைத்து 100 மீட்டர் வட்டம் போட்டால் போதுமா? (தன்னார்வலர் குழு, வியாசர்பாடி)

போதாது, இரண்டு காரணங்களால். முதலாவது, 100 கெஜம் என்பது 91.44 மீட்டர். இரண்டாவதே முக்கியமானது: 2003-ஆம் ஆண்டுப் புகையிலைப் பொருள்கள் சட்டத்தின் 6-ஆவது பிரிவு விதிக்கும் இந்தத் தூரத்தை, கல்வி நிலையத்தின் சுற்றுச்சுவர் அல்லது வேலியின் வெளி எல்லையிலிருந்து ஆர வடிவில் அளக்க வேண்டும் என்று விதிகளே சொல்கின்றன. வளாகம் 120 மீட்டர் நீளமுள்ளது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் நடுப்புள்ளியிலிருந்து வரையும் 91.44 மீட்டர் வட்டம், நீளவாட்டில் சுவரைத் தாண்டி 31 மீட்டர்தான் போகும். சட்டம் குழந்தைகளுக்குத் தரும் பாதுகாப்பில் 60 மீட்டரை உங்கள் வரைபடம் பறித்துவிடுகிறது. எனவே செயற்கைக்கோள் படத்தின் மீது சுற்றுச்சுவரைப் பாலிகனாக, அதாவது மூடிய பலகோண வடிவமாக, வரைந்து, அதிலிருந்து பஃபர் எடுங்கள்.

‘செக்மென்ட்ஸ்’ என்ற கட்டத்தையும் கவனியுங்கள். கியூஜிஐஎஸ் கால் வட்டத்தை இயல்பாக 5 நேர்கோடுகளாகவே வரைகிறது. சுவரின் நேர்ப்பக்கங்களில் இதனால் பாதிப்பில்லை. மூலைகளில் மட்டும் எல்லை ஒரு மீட்டருக்கும் சற்று அதிகமாக உள்வாங்கும். பெட்டிக்கடைகள் தெருமுனையில்தானே இருக்கின்றன! அந்த எண்ணை 25 ஆக்கினால் குறைபாடு 5 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும்.

உங்களுக்கு வேண்டியது பட்டியல் மட்டும் என்றால், பஃபரே தேவையில்லை. ‘ஜாயின் ஆட்ரிபியூட்ஸ் பை நியரெஸ்ட்’ கருவி, ஒவ்வொரு கடைக்கும் அருகிலுள்ள பள்ளிச் சுவர் எத்தனை மீட்டர் என்பதை எண்ணாகவே தரும். 85 முதல் 98 மீட்டர் வரை வரும் கடைகளைத் தனியே பிரித்து, நேரில் நாடா பிடித்து அளந்துவிடுங்கள். கைப்பேசியின் ஜி.பி.எஸ். நெருக்கமான தெருக்களில் பல மீட்டர் பிசகும். அதை நம்பி ஒரு கடைக்காரர் மீது புகார் எழுதுவது நியாயமாகாது.

எண்ணூர் கழிமுகத்தின் கரையில் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தை வரைந்து பார்க்க விரும்புகிறோம். ‘50 மீட்டர் அல்லது கழியின் அகலம், இவற்றில் எது குறைவோ அது’ என்பதை எப்படி பஃபராக்குவது? (மீனவர் கிராம இளைஞர்கள், காட்டுக்குப்பம்)

கடலோர ஒழுங்குமுறை மண்டலம் கரையிலிருந்து நிலப்பக்கமாக எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கான 2019 அறிவிக்கையின் விதி அது. 2011 அறிவிக்கையில் 50-க்குப் பதில் 100 மீட்டர் இருந்தது. ஒரே தூரத்தைக் கொடுத்து இதை வரைய முடியாது. கரைக்கோட்டைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் எதிரே கழியின் அகலத்தை அளந்து, அட்டவணையில் ‘அகலம்’ என்ற பத்தியில் நிரப்புங்கள். பஃபர் கருவியில் தூரக் கட்டத்துக்கு அருகிலுள்ள ‘டேட்டா டிஃபைன்ட்’ பொத்தானை அழுத்தி, அகலம், 50 ஆகிய இரண்டில் சிறியதை எடுக்கும் சூத்திரத்தை எழுதினால், ஒவ்வொரு துண்டும் தனக்குரிய தூரத்தைப் பெறும். ‘டிசால்வ்’ தேர்வு துண்டுகளை ஒன்றாக்கிவிடும். கோட்டிலிருந்து எடுக்கும் பஃபர் நீர்ப்பக்கமும் பரவும் என்பதால், இறுதியில் நீர்ப்பரப்பின் பாலிகனை ‘டிஃபரன்ஸ்’ கருவியால் கழித்துவிடுங்கள்.

இனி, எந்தக் கரைக்கோடு என்ற கேள்வி. செயற்கைக்கோள் படத்தில் தெரியும் நீரின் விளிம்பு, படம் எடுத்த அன்றைய, அந்த நேரத்து விளிம்பு மட்டுமே. விதி குறிப்பிடுவது உயர் ஓத எல்லைக்கோட்டை, அதாவது உச்ச ஓதத்தின்போது நீர் நிலத்தில் ஏறும் எல்லையை. அதை அங்கீகரிக்கப்பட்ட கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடத்திலிருந்தே எடுக்க வேண்டும். கொசஸ்தலை ஆற்றில் எவ்வளவு தூரம் உள்ளே இந்த விதி செல்லும் என்பதற்கும் அறிவிக்கையிலேயே அளவுகோல் உண்டு: ஆண்டின் மிக வறண்ட காலத்தில் நீரின் உப்புத்தன்மை ஆயிரத்தில் 5 பங்கு இருக்கும் இடம் வரை. நீங்கள் வரைவது சட்டப்படியான வரைபடமாகாது. ஆனால் அரசு வரைபடத்தின் மீது அதை வைத்துப் பார்த்து, இரண்டும் எங்கே விலகுகின்றன என்பதைச் சுட்டிக்காட்டிக் கேள்வி எழுப்புவதற்கு அது வலுவான ஆவணம். அந்த உழைப்பு வீண்போகாது.

பக்கிங்ஹாம் கால்வாயின் ஒரு பக்கத்துக்கு மட்டும் பஃபர் வேண்டும். முனைகளும் உருண்டையாக நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. (கட்டட வரைவாளர், தண்டையார்பேட்டை)

‘சிங்கிள் சைடட் பஃபர்’ என்ற கருவியைப் பயன்படுத்துங்கள். இடமா வலமா என்பது கோட்டை நீங்கள் வரைந்த திசையைப் பொறுத்தது; தவறான பக்கம் வந்தால் கோட்டின் திசையைத் திருப்பினால் போதும். இருபக்கமும் வேண்டி, முனை மட்டும் தட்டையாக இருக்க வேண்டுமானால், வழக்கமான பஃபர் கருவியில் ‘எண்ட் கேப்’ என்பதை ‘ஃபிளாட்’ என்று மாற்றுங்கள்.

தண்டையார்பேட்டை முதல் விம்கோ நகர் வரையுள்ள மெட்ரோ நிலையங்களிலிருந்து 500 மீட்டருக்குள் எத்தனை வீடுகள் என்று எண்ணினால், கூட்டுத்தொகை உண்மையைவிட அதிகமாக வருகிறது. (ஆய்வு மாணவர், திருவொற்றியூர்)

வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தில் உள்ள வீடுகள் இருமுறை எண்ணப்படுகின்றன. ‘டிசால்வ்’ செய்தபின் எண்ணினால் இது தீரும். ஆனால் உங்கள் நோக்கம் நடந்து சென்றடையும் தூரம் என்றால், வட்டமே பொருத்தமற்றது. மெட்ரோ பாதைக்கு மேற்கே புறநகர் ரயில் பாதை ஓடுகிறது. வரைபடத்தில் 400 மீட்டரில் இருக்கும் வீட்டுக்காரர், கடவுப்பாதையையோ சுரங்கப்பாதையையோ தேடிச் சுற்றி வர வேண்டியிருந்தால், உண்மையில் அதைப்போல் இருமடங்குகூட நடக்கக்கூடும். சாலை வலைப்பின்னல் லேயரை வைத்து ‘சர்வீஸ் ஏரியா’ கருவியை இயக்குங்கள். தொடக்கப் புள்ளியாக நடைமேடையின் நடுவை எடுக்காமல், ஒவ்வொரு நுழைவாயிலையும் எடுங்கள். ரயில் பாதையைக் கடக்கும் இடங்கள் உங்கள் சாலை லேயரில் சரியாக இணைந்திருக்கின்றனவா என்பதை முதலில் சோதித்துவிடுங்கள். ஒரு கடவுப்பாதை விடுபட்டால் ஒரு பகுதியே கணக்கிலிருந்து விடுபட்டுவிடும்.

பஃபர் ஓடும்போது ‘இன்வேலிட் ஜியோமெட்ரி’ (பிழையான வடிவம்) என்று நின்றுவிடுகிறது. பூஜ்யம் தூரத்துக்கு பஃபர் எடுத்தால் சரியாகும் என்று படித்தேன். (வாசகர், மணலி)

சில சமயம் சரியாகும். ஆனால் தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும் பாலிகனில், அந்த உத்தி ஒரு பாதியை ஓசையின்றி நீக்கிவிடவும் கூடும். ‘ஃபிக்ஸ் ஜியோமெட்ரீஸ்’ கருவியை இயக்கி, முன்னும் பின்னும் மொத்தப் பரப்பளவை ஒப்பிட்டுப் பார்த்த பிறகு பஃபருக்குச் செல்லுங்கள்.