சிகிரியா: கோட்டையா, மாளிகையா? (வாசகர் கடிதம்)

அன்புள்ள ஐயாவுக்கு,

பாடசாலை விடுமுறையில் பிள்ளைகளோடு சிகிரியா பாறைக்குப் போய்வந்தோம். ஓவியங்களில் இருப்பவர்கள் எல்லாரும் அதைக் கட்டிய அரசன் காசியப்பனின் மனைவியர், மொத்தம் ஐந்நூறு பேர் என்று வழிகாட்டி சொன்னார். உச்சியில் நீச்சல் குளம், கீழே பூங்கா, நீரூற்று. இப்படிப்பட்ட இடத்தை ஏன் கோட்டை என்கிறார்கள்? ஆயிரத்தைந்நூறு வருட மழைக்கும் வெயிலுக்கும் அந்த வண்ணங்கள் எப்படித் தாக்குப்பிடித்தன?

சுகந்தி, மட்டக்களப்பு

அன்புள்ள சுகந்தி,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அந்த வண்ணங்கள் மழைக்குத் தாக்குப்பிடிக்கவில்லை. மழை படாத குடைவில் இருந்தவைதான் எஞ்சின. பாறையின் மேற்கு முகத்தில் வேறு பகுதிகளிலும் பழைய சாந்தின் தடங்கள் உண்டு. அங்கே தீட்டியவை போய்விட்டன. சுழல் படிக்கட்டில் ஏறி நீங்கள் பார்த்த குடைவுக்கு மேலே பாறையே கூரைபோல முன்தள்ளி நிற்கிறது. இன்று அங்கே இருப்பவை இருபதுக்குச் சற்றே அதிகமான உருவங்கள்.

பாறையின் மேல் நேரடியாக வண்ணம் பூசவில்லை. செம்மண் கலந்த களிமண்ணில் நெல் உமியும் நாரும் சேர்த்து முதல் பூச்சு. அது சொரசொரப்பான பாறையைப் பற்றிக்கொள்ளும். உமியும் நாரும் காயும்போது வெடிப்பு விழாமல் காக்கும். அதன்மேல் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு, பிறகு வண்ணம். சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு மட்டும்தான்; நீலம் கிடையாது. இந்த அடுக்குகளுக்குப் பெரிய எதிரி பின்பக்கமாகக் கசியும் நீர். அது பாறைக்கும் களிமண்ணுக்கும் இடையில் இறங்கினால் பிடிப்பு விட்டுப்போய், சாந்து படத்தோடு சேர்ந்து பாளமாகப் பெயர்ந்து விழும். மனிதர் செய்த கேடும் உண்டு. 1967 அக்டோபரில் யாரோ ஓவியங்கள்மேல் பச்சைப் பெயிண்டை அப்பினார்கள். இத்தாலிய நிபுணர் லூசியானோ மராஞ்சி வந்து பழுதுபார்த்தார்.

ஒரு பெண்ணுக்கு மூன்றாவது கை தெரியுமே, கவனித்தீர்களா? ஓவியர் முதலில் ஒரு நிலையில் கையை வரைந்து, பிறகு மாற்றியிருக்கிறார். மேலே பூசிய வண்ணம் தேய்ந்ததும் பழைய கோடு வெளியே வந்துவிட்டது. மாதிரிப் படம் ஒன்றை அப்படியே பிரதி எடுக்காமல், சுவரிலேயே யோசித்து யோசித்து வரைந்தவரின் கை அது. அங்கே எனக்கு மிகவும் பிடித்த இடமும் அதுதான்.

மனைவியர் கதைக்கு ஆதாரம் இல்லை. ஐந்நூறு என்ற எண் பாதையோரம் பளபளவென்று மெருகேற்றிய ‘கண்ணாடிச் சுவரில்’ கிறுக்கப்பட்ட ஒரு கவியில் வருகிறது. அங்குள்ள கவிகளில் 685-ஐத் தொல்லியலாளர் பரணவிதான படித்து 1956-இல் பதிப்பித்தார். பெரும்பாலானவை 8 முதல் 10ஆம் நூற்றாண்டு வரையிலானவை, அதாவது காசியப்பனுக்குச் சில நூற்றாண்டுகள் கழித்து வந்த பார்வையாளர்கள் எழுதியவை. அவர்களும் நம்மைப்போல ஊகித்தவர்கள்தான். அருகிலுள்ள பிதுரங்கல விகாரைக்குப் பூ எடுத்துச் செல்லும் அரண்மனைப் பெண்கள் என்றார் தொல்லியலாளர் பெல். கலை வரலாற்றறிஞர் ஆனந்த குமாரசுவாமி அப்சரஸ்கள் என்றார். பரணவிதானவோ மேகமும் மின்னலும் பெண்ணுருக் கொண்டவை என்றார். உருவங்கள் எல்லாமே இடுப்புக்குக் கீழே மேகத்தில் மறைவதால் பெல் சொன்னது பொருந்தவில்லை. காசியப்பன் குபேரனைப்போல அங்கே வாழ்ந்தான் என்று பழைய வரலாற்று நூலான சூளவம்சம் சொல்வதையும் சேர்த்துப் பார்த்தால், வானுலகப் பெண்கள் என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

இனி, கோட்டையா என்ற கேள்வி. தந்தை தாதுசேனனைக் கொன்று ஆட்சிக்கு வந்தவன் காசியப்பன் (477–495). தம்பி முகலன் இந்தியாவுக்குத் தப்பிப்போய்ப் படை திரட்டிக்கொண்டிருந்தான். ஆகவே அகழியும் மதிலும் அலங்காரத்துக்காகக் கட்டப்பட்டவை அல்ல. நீங்கள் நீச்சல் குளம் என்பது பாறையில் குடைந்த தொட்டி. சுமார் 27 மீட்டர் நீளம், 21 மீட்டர் அகலம். மேலே அகப்பட்டுக்கொண்டால் குடிக்க மழைநீர் வேண்டுமே! ஆனால் முகலன் வந்தபோது காசியப்பன் கீழே இறங்கிச் சமவெளியில் போரிட்டான். சதுப்பைக் கண்டு அவனுடைய யானை திரும்ப, அரசன் பின்வாங்குகிறான் என்று நினைத்துப் படை கலைந்தது. அவன் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டான் என்கிறது சூளவம்சம். கோட்டை முற்றுகையைச் சந்திக்கவே இல்லை. முகலன் அதைப் பிக்குகளுக்குக் கொடுத்துவிட்டு அனுராதபுரம் திரும்பினான்.

அதனால் கோட்டை, மாளிகை இரண்டும்தான். ஒரே நீரமைப்பு இரண்டுக்கும் உழைத்தது. நீரூற்றைப் பாருங்கள். எந்திரம் எதுவும் இல்லை. உயரத்தில் தேங்கும் நீர் நிலத்தடிக் கால்வாய் வழியே வந்து, ஆழமற்ற கற்தொட்டிகளில் தங்கி, துளையிட்ட சுண்ணக்கல் வட்டில் வழியாகப் பீறிடுகிறது. மேலே நீர்மட்டம் குறைந்தால் அழுத்தமும் குறைந்து ஊற்று அடங்கிவிடும். நல்ல மழைக்காலத்தில் இன்றும் சில ஊற்றுகள் பாய்கின்றன. நீங்கள் போன நாளில் வற்றியிருந்தால் காரணம் இதுதான்.

உச்சிக்கு ஏறும் சிங்க வாயிலில் சிங்கத்தின் பாதங்கள் மட்டும் மிஞ்சியதற்கும் ஏறக்குறைய ஓவியங்களுக்குச் சொன்ன அதே விளக்கம்தான். தலையும் உடலும் செங்கல்லாலும் சாந்தாலும் ஆனவை, கூரையற்ற இடத்தில் நின்றவை.

மறுபடி போனால் இறங்கும் வழியில் நாகபடக் குகைக்குள் எட்டிப் பாருங்கள். குகை வாயின் மேல்விளிம்பில் நீளமாக ஒரு காடி வெட்டியிருக்கும். பாறைமேல் வழியும் மழைநீர் உள்ளே சுருண்டு வராமல் அந்த விளிம்பிலேயே சொட்டிவிடும். அதன் கீழே பிராமி எழுத்து, உள்ளே விதானத்தில் ஓவியத் துண்டுகள். எழுத்து காசியப்பனுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது, அங்கே துறவிகள் தங்கியிருந்த காலத்தது.