ஜிம்னாஸ்டிக்ஸ் மையம் இடம் மாறுகிறது: மகளைத் தொடர்ந்து அனுப்பலாமா?

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. சென்னை அசோக் நகரில், வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் மையத்தில் மூன்று வருடமாக ஜிம்னாஸ்டிக்ஸ் பழகுகிறாள். வாரத்தில் ஐந்து நாள் வகுப்பு. அடுத்த மாதம் அந்த மையம் சோழிங்கநல்லூருக்கு மாறுகிறது. இடையில் மூன்று வாரம் வகுப்பு இல்லை. “எல்லாம் மறந்துபோயிடும்மா” என்று அழுகிறாள். கூடப் பழகும் நெருங்கிய தோழியும் நிற்கப்போகிறாள். கிட்டத்தட்ட இருபது கிலோமீட்டர் தள்ளி அனுப்புவதா, வேறு இடம் பார்ப்பதா, நிறுத்திவிடுவதா?

பதில்: முதலில் அந்த மூன்று வாரத்தைப் பற்றிய பயத்தை எடுத்துவிடலாம். மூன்று வருடம் பழகிய கார்ட்வீலும் (பக்கவாட்டில் சக்கரம்போல் சுழல்வது) ஹேண்ட்ஸ்டாண்டும் (கைகளை ஊன்றித் தலைகீழாக நிற்பது) மூன்று வாரத்தில் மறக்காது. குறைவது பலமும் உடம்பின் வளைவும்தான். திரும்பப் போனதும் அவை சீக்கிரமே வந்துவிடும். சர்வதேச அளவில் பெண்கள் சீனியர் பிரிவில் ஆட அந்த வருடத்தில் 16 வயது நிரம்ப வேண்டும். 2016 ரியோ ஒலிம்பிக்கில் வால்ட் (ஓடிவந்து மேஜையில் கை ஊன்றித் தாண்டுவது) இறுதிப்போட்டியில் நான்காவதாக வந்த தீபா கர்மாகருக்கு அப்போது வயது 23. இதை உங்கள் மகளிடம் சொல்லுங்கள். ஒன்பது வயதில் ஒரு மாதம் ஒன்றுமே இல்லை.

அந்த நாட்களில் வீட்டில் தினமும் அரை மணி நேரம் போதும். சுவரோரம் ஹேண்ட்ஸ்டாண்ட், ஸ்ப்ளிட் (கால்களை நேர்க்கோட்டில் விரித்து உட்காருவது), பிரிட்ஜ் (மல்லாந்து உடம்பைப் பாலம்போல் வளைப்பது), வயிற்றுப் பயிற்சிகள், கம்பி இருந்தால் கொஞ்சம் தொங்கல். மேலே ஏறி நின்று ஆடும் நீளமான கட்டையான பீமின் அகலம் 10 சென்டிமீட்டர். தரையில் அதே அகலத்துக்கு டேப் ஒட்டிக் கொடுங்கள். நடை, திரும்பல், ஒற்றைக்கால் நிற்றல் எல்லாம் அதிலேயே பழகலாம். ஆனால் கட்டில் மெத்தையில் பல்டி வேண்டாம், மொட்டைமாடி சிமெண்டில் குதிக்கவும் வேண்டாம். கோச் இல்லாத இடத்தில் தலைகீழாகப் பறக்கும் எதையும் அவள் செய்யக் கூடாது. இதில் கண்டிப்பாக இருங்கள்.

உண்மையில் கவனம் வேண்டியது புது ஹாலில் கால் வைக்கும் முதல் சில வாரங்களுக்குத்தான். பெற்றோர் பலர் இதை எதிர்பார்ப்பதில்லை. உடம்பு சுழலும்போது குழந்தை கண்ணால் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது: எதிரே இருக்கும் ஜன்னல், சுவரின் நிறம், பீமுக்கு நேரே தெரியும் தூண், மேலே எரியும் விளக்கு. எப்போது கையை ஊன்றுவது, எப்போது காலை இறக்குவது என்ற கணக்கு இவற்றோடு சேர்ந்துதான் உடம்பில் பதிந்திருக்கிறது. புது ஹாலில் இவை எல்லாமே மாறிவிடும். ஃப்ளோருக்கு (பல்டி அடிக்கும் தரைக்கு) அடியில் இருக்கும் ஸ்பிரிங் புதிதாக இருந்தால் உதைப்பு கூடும். பழைய பலத்தில் உந்தினால் அதிகமாகச் சுழன்று தடுமாறுவாள். பழைய இடத்தில் ஃபோம் பிட் (பஞ்சுத் துண்டுகள் நிரப்பிய குழி) இருந்து புது இடத்தில் மெத்தை மட்டும் இருந்தாலும் பயம் வரும்.

அதனால் நேற்று வரை பீமில் சாதாரணமாகச் செய்த பேக் வாக்ஓவரை (பின்பக்கம் வளைந்து கையை ஊன்றிக் கால்களைத் தாண்டவைப்பதை), புது இடத்தில் அவள் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு மறுக்கலாம். அது சோம்பேறித்தனமும் இல்லை, அடமும் இல்லை. “அங்க செஞ்சியே, இங்க என்ன வந்தது?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அப்படி விரட்டப்பட்ட பயம் மாதக்கணக்கில் போகாமல் நிற்பதை நிறையக் குழந்தைகளிடம் பார்த்திருக்கிறேன். தரையில் வரைந்த கோடு, அப்புறம் தாழ்வான பீம், அப்புறம் பக்கத்தில் மெத்தை அடுக்கிய உயரமான பீம் என்று ஒரு படி கீழிருந்து ஏற்றச் சொல்லி கோச்சிடம் நீங்களே பேசுங்கள். நல்ல கோச் அதைத்தான் செய்வார். மூன்று வார இடைவெளியில் உள்ளங்கைத் தோலும் மிருதுவாகியிருக்கும். முதல் நாளே பாரில் (பிடித்துத் தொங்கிச் சுழலும் கம்பியில்) ரொம்ப நேரம் ஆடினால் உரிந்துவிடும். மணிக்கட்டிலோ குதிகாலிலோ வலி என்றால் அன்று நிறுத்திவிட வேண்டும். வளரும் எலும்பின் முனைகள் அங்கே இன்னும் கெட்டிப்படவில்லை.

பழைய இடத்தில் கடைசி வகுப்பு முடிவதற்குள் ஒரு வேலை இருக்கிறது. வால்ட் ஓட்டத்தை எத்தனை அடி தூரத்திலிருந்து தொடங்குகிறாள், ஸ்பிரிங்போர்டு மேஜையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, இரண்டு பார்களுக்கும் இடையே என்ன இடைவெளி வைக்கிறார்கள் என்பதை டேப் பிடித்து அளந்து, அவள் கையாலேயே நோட்டில் எழுதச் சொல்லுங்கள். புது இடத்தில் அந்த அளவுகளை அவளே கேட்டு வைத்துக்கொள்ளும்போது பாதிப் பயம் போய்விடும்.

சரி, தூரத்துக்கு வருவோம். அதே கோச் புது இடத்துக்கு வருகிறாரா என்று முதலில் கேளுங்கள். பல்டி அடிக்கும்போது முதுகுக்குக் கை கொடுப்பவர் மேல் குழந்தைக்கு இருக்கும் நம்பிக்கை வருடக்கணக்கில் உருவானது. அவர் வருகிறார் என்றால் தொடர முயலலாம். வரவில்லை என்றால், பெயர்ப் பலகைக்காக ஓஎம்ஆர் சாலை நெரிசலில் தினம் போய்வர வேண்டிய அவசியம் இல்லை.

தொடர்வது என்றால், தூக்கத்தை வைத்து முடிவெடுங்கள். இந்த வயதுக்கு ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். காலை ஆறரைக்கு எழுகிற குழந்தை இரவு ஒன்பதரைக்காவது படுத்தாக வேண்டும். எட்டு மணிக்கு வகுப்பு முடிந்து, வீடு வந்து, குளித்துச் சாப்பிட்டால் அது நடக்காது. தூக்கம் குறைந்த உடம்போடு பீமில் ஏறுவது ஆபத்து. அதனால் ஐந்து நாளை மூன்றாக்குங்கள்: சனி, ஞாயிறு நீண்ட வகுப்பு, நடுவில் ஒரே ஒரு பள்ளி நாள். போகும்போது வண்டியில் வாழைப்பழம், சுண்டல்; திரும்பும்போது டப்பாவில் தயிர்சாதம். வீட்டுப்பாடத்தை வண்டியில் வைக்காதீர்கள், தூங்கட்டும். அதே பக்கத்திலிருந்து வரும் இன்னொரு குடும்பத்தோடு முறை வைத்துக் குழந்தைகளை அழைத்துப் போனால் உங்களுக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும்.

வேறு இடம் பார்ப்பதும் தவறில்லை. வேளச்சேரியில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணைய வளாகம் வழியிலேயே இருக்கிறது. அங்கே ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்பில் இடம் உண்டா என்று விசாரியுங்கள். எங்கே போனாலும் சேர்ப்பதற்கு முன் ஒரு வகுப்பு முழுக்க உட்கார்ந்து பாருங்கள். விழுந்த குழந்தையிடம் கோச் எப்படிப் பேசுகிறார், ஒருவருக்கு எத்தனை குழந்தைகள், மெத்தைகளுக்கு இடையே இடுக்கு இருக்கிறதா என்பவற்றைக் கவனியுங்கள்.

தோழி விஷயத்தைச் சின்னதாக நினைக்காதீர்கள். அவள் அழுவதில் பாதி அதற்காகவும் இருக்கலாம். இரண்டு பேரையும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது சேர்த்து விளையாட விடுங்கள். மையம் மாறும் முன்பு புது ஹாலை ஒருமுறை அவளுக்குக் காட்டிவிடுங்கள். காலியாக இருந்தாலும் சுற்றிப் பார்க்கட்டும்.

அப்படிப் போகும்போது பார்களை இழுத்துக் கட்டும் கொக்கிகள் தரையில் பதித்தாகிவிட்டதா என்று நீங்களும் பாருங்கள். அது முடியவில்லை என்றால் மூன்று வாரம் நீளக்கூடும். வருடக் கட்டணத்தை இப்போதே கட்ட வேண்டாம். மூன்று மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள்; அது முடியும் சமயத்தில் அவள் எப்படித் தூங்குகிறாள், வகுப்புக்குக் கிளம்பும்போது முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்து, அவளையும் உட்காரவைத்துக் கேட்டு மேற்கொண்டு முடிவெடுங்கள். நிறுத்துவதைப் பற்றி அதுவரை யோசிக்க வேண்டியதில்லை.