இன்ஜெக்டரில் கை வைக்கும் முன் டர்போ ஹோஸைப் பாருங்கள்
அண்ணே, ரப்பர் ஷீட் ஏற்றி மேடு ஏறும்போது மட்டும் பிக்கப் வண்டி இழுவையில்லாமல் கறுப்புப் புகை கக்குகிறது, மெக்கானிக் இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாலு இன்ஜெக்டரையும் மாற்றச் சொல்கிறார் என்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். கறுப்புப் புகை என்றால் எரியும் டீசலுக்குக் காற்று போதவில்லை. ஏர் ஃபில்டரைப் பார்த்துவிட்டு, அப்புறம் இன்ஜின் ஆறியதும் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து, அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கத்தை விரலால் தடவுங்கள், கிளாம்ப் ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கோடு கறுப்பு அழுக்கு ஒட்டினால் பெரும்பாலும் அங்கேதான் காற்று கசியும் வெடிப்பு. குளச்சல் பக்கம் மீன் லோடு ஓடிய வண்டி என்றால் உப்புக்காற்றில் கிளாம்ப் துருப்பிடித்திருக்கும், அதையும் மாற்றிவிடுங்கள். ஹோஸ் சரி என்றால், புகையில் ஒரு பங்கைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் இ.ஜி.ஆர். வால்வு கரி அடைத்துத் திறந்தே நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் இன்ஜெக்டர்களைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் போட்டுப் பார்க்கட்டும், சோதிக்காமல் புதுசு வாங்கவே வேண்டாம்.