ரிப்போர்ட்டில் இருப்பதும் காலில் இருப்பதும்

இந்த முறை முதுகு வலி பற்றி வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் எம்ஆர்ஐ ரிப்போர்ட்டின் நகல் இணைக்கப்பட்டிருந்தது. ஆனால் வலி எந்த இடத்தில், எப்போது வருகிறது, என்ன செய்தால் குறைகிறது என்று எழுதியவர்கள் சிலர்தான். அந்தச் சிலரின் கடிதங்களையே இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: வயது 43. உட்கார்ந்தே பார்க்கிற வேலை. நான்கு மாதமாக இடுப்பில் பட்டை கட்டியதுபோல் வலி. காலுக்கு இறங்கவில்லை. நெடுநேரம் உட்கார்ந்தால் அதிகமாகும், நடந்தால் குறையும். ஸ்கேனில் 'எல்4–எல்5, எல்5–எஸ்1 டிஸ்க் தேய்மானம், பல்ஜ்' என்று வந்திருக்கிறது. குனியக் கூடாது, தூக்கக் கூடாது என்கிறார்கள். பின்னாளில் ஆபரேஷன் தேவைப்படும் என்றும் ஒருவர் சொன்னார். இந்த வயதிலேயே என் முதுகு தேய்ந்துவிட்டதா டாக்டர்?

பதில்: டிஸ்க் என்பது முதுகெலும்புகளுக்கு இடையில் மெத்தைபோல் இருக்கும் சவ்வு. அது சற்று வெளியே புடைப்பதுதான் பல்ஜ். எல்4, எல்5, எஸ்1 என்பவை கீழ்முதுகு எலும்புகளின் பெயர்கள். தேய்மானம் என்ற சொல் உங்களைப் பயமுறுத்தியிருக்கிறது. அந்தப் பயத்தை முதலில் போக்க வேண்டும்.

முதுகு வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வுகள் பல உண்டு. அப்படிப்பட்ட 33 ஆய்வுகளில் இருந்த 3,110 பேரின் விவரங்களைச் சேர்த்து 2015இல் ஒரு தொகுப்பு வந்தது. 20 வயதிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது. 40 வயதில் 68 சதவீதம், 80 வயதில் 96 சதவீதம். பல்ஜ் மட்டும் எடுத்தால் 40 வயதில் பாதிப் பேர். உங்கள் வயதில் ஒரு வலியும் இல்லாத பத்துப் பேரைக் கூப்பிட்டு ஸ்கேன் எடுத்தால், ஆறேழு பேர் ரிப்போர்ட்டில் இதே 'தேய்மானம்' இருக்கும்.

டிஸ்க்குக்கு நேரடி இரத்த ஓட்டம் மிகக் குறைவு. சுற்றியுள்ள எலும்பிலிருந்து கசிந்து வரும் ஊட்டத்தில்தான் அது வாழ்கிறது. வயதாக ஆக உள்ளே இருக்கும் நீர் குறைகிறது, உயரம் குறைகிறது, ஸ்கேனில் கறுப்பாகத் தெரிகிறது. இரட்டையர்களை வைத்து நடத்திய ஆய்வுகளில், இந்த மாற்றத்துக்குச் செய்த வேலையைவிடப் பிறப்போடு வந்த மரபணுவே பெரிய காரணமாகத் தெரிந்தது. அதனால் 'இப்படி உட்கார்ந்து உட்கார்ந்தே கெடுத்துக்கொண்டேனே' என்று உங்களை நொந்துகொள்ள வேண்டாம்.

நான் ரிப்போர்ட்டைக் கடைசியில்தான் பிரிப்பேன். இந்தப் பழக்கம் வரக் காரணமான ஒரு பெரியவரை இன்னும் நினைவிருக்கிறது. வலது பக்க டிஸ்க் பிதுக்கம் என்று தடித்த எழுத்தில் ரிப்போர்ட். வலியோ இடது பக்கம், அதுவும் தொடை இடுக்கில். செருப்பு மாட்டக் காலை மடக்க முடியவில்லை. காலைத் திருப்பிப் பார்த்தபோது பிரச்சினை இடுப்பு மூட்டில் இருந்தது தெரிந்தது. எட்டு மாதமாக அவர் முதுகுக்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சொல்கிற வலி, தொட்டுப் பார்த்துத் தெரிகிற குறை, படத்தில் இருக்கிற மாற்றம் மூன்றும் ஒரே இடத்தைக் காட்டினால்தான் அந்தப் படத்துக்கு மதிப்பு.

உங்கள் கடிதத்தில் காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, முன்பு வந்த புற்றுநோய், விழுந்து அடிபட்டது, நாள்பட்ட ஸ்டீராய்டு மாத்திரை எதுவும் இல்லை. விடியற்காலையில் வலி எழுப்பிவிட்டு அரைமணிக்கு மேல் விறைப்பாக இருப்பதாகவும் எழுதவில்லை. இவற்றில் ஒன்று இருந்தாலும் என் பதில் வேறு மாதிரி இருக்கும்.

இனி செய்ய வேண்டியது. குனியுங்கள். இன்றைக்குக் கொஞ்சம், அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். முதுகு, வயிறு, தொடைத் தசைகளுக்கான பயிற்சியை ஒரு பிசியோதெரபிஸ்டிடம் கற்றுக்கொண்டு தொடர்ந்து செய்யுங்கள். எந்தப் பயிற்சி உசத்தி என்று என்னிடம் நிறையப் பேர் கேட்கிறார்கள். நீங்கள் விடாமல் செய்யக்கூடியதே உங்களுக்கு நல்லது. சரி, அதுவும் முடியாது என்றால் நடங்கள். முதுகு வலி வந்து சரியானவர்கள் 701 பேரை வைத்து ஆஸ்திரேலியாவில் ஓர் ஆய்வு நடந்தது, 2024இல் வெளியானது. வழிகாட்டலோடு படிப்படியாக நடையைக் கூட்டியவர்களுக்கு வலி திரும்பி வர எடுத்த இடைக்காலம் 208 நாள், மற்றவர்களுக்கு 112 நாள். ஏறக்குறைய இரண்டு மடங்கு!

படுத்து ஓய்வெடுக்கச் சொல்லும் பழக்கமும் போக வேண்டும். 1995இல் பின்லாந்தில் செய்த ஆய்வில், திடீர் முதுகு வலி வந்தவர்களில் இரண்டு நாள் படுத்தவர்களைவிட, முடிந்த அளவு அன்றாட வேலையைப் பார்த்தவர்கள் சீக்கிரம் தேறினார்கள். அப்புறம் அந்த ஆபரேஷன். கால் வலி இல்லாத, வெறும் தேய்மான முதுகு வலிக்கு எலும்புகளை இணைக்கும் ஆபரேஷன் செய்தவர்களையும், தீவிரமான பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தவர்களையும் பிரிட்டனில் ஒப்பிட்டார்கள் (2005, 349 பேர்). இரண்டு வருடம் கழித்து, ஆபரேஷன்தான் மேல் என்று சொல்லும்படியான தெளிவான வித்தியாசம் இல்லை. நான் கத்தி பிடிக்கிறவன், இருந்தும் சொல்கிறேன்: உங்கள் முதுகில் எனக்கு வேலை இல்லை.

கேள்வி: என் கணவருக்கு 38 வயது, வண்டி ஓட்டுகிறார். ஐந்து வாரமாக வலது பின்தொடையிலிருந்து கெண்டைக்கால் வழியாகச் சுண்டுவிரல் வரை கரண்ட் அடிப்பதுபோல் வலி. இருமினால் உயிர் போகிறது. ஸ்கேனில் எல்5–எஸ்1 சவ்வு பெரிதாகப் பிதுங்கி நரம்பை அழுத்துகிறதாம். உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் கால் விழுந்துவிடும் என்கிறார்கள். காத்திருக்கலாமா?

பதில்: அம்மா, இந்த வலியை நானும் அனுபவித்திருக்கிறேன். 41 வயதில், இடது காலில். மூன்று வாரம் தரையில் முழங்காலை மடக்கிப் படுத்துத்தான் தூங்கினேன். அதனால் உங்கள் கணவரைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வது எவ்வளவு கடினமானது என்று தெரிந்தே எழுதுகிறேன்.

உங்கள் கணவர் விஷயத்தில் வலியும் படமும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன. அந்த இடத்தில் அழுத்தப்படும் எஸ்1 நரம்பின் பாதை நீங்கள் எழுதியபடியேதான் போகும். மருத்துவர் அவரை மல்லாக்கப் படுக்கவைத்து முழங்கால் மடங்காமல் காலைத் தூக்கிப் பார்த்தாரா? கணுக்காலுக்குப் பின்னால் சுத்தியால் தட்டிப் பார்த்தாரா? வலது கால் விரல்நுனியில் மட்டும் நின்று பத்து முறை எம்பச் சொன்னாரா? இவை பார்க்கப்படவில்லை என்றால் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கால் பலமாக இருக்கிறதா என்பதற்குப் பதில் ஸ்கேனில் கிடைக்காது, இந்தச் சோதனைகளில்தான் கிடைக்கும்.

பலம் குறையாமல் வலி மட்டும் இருந்தால் காத்திருக்கலாம். பிதுங்கிய சவ்வை உடலே கரைக்கிறது. வெளியே வந்து விழுந்த துண்டை இரத்த அணுக்கள் தேடி வந்து தின்கின்றன, அதனால் பெரிய பிதுக்கங்களே அதிகம் சுருங்குகின்றன. இதை நோயாளிகளிடம் சொன்னால் நம்புவதில்லை. என்னுடையதும் பெரிய பிதுக்கம்தான், ஒன்பதாவது வாரத்தில் வலி விட்டது. நெதர்லாந்தில் ஆறு முதல் பன்னிரண்டு வாரம் கால் வலியோடு இருந்த 283 பேரில் பாதிப் பேருக்கு உடனே ஆபரேஷன், மீதிப் பேருக்குக் காத்திருந்து தேவைப்பட்டால் ஆபரேஷன் என்று பிரித்தார்கள். 2007இல் முடிவு வந்தது. ஆபரேஷன் செய்தவர்களுக்கு வலி சீக்கிரம் குறைந்தது, அது உண்மை. ஒரு வருட முடிவில் இரு பக்கமும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் அந்த வருடத்துக்குள் ஆபரேஷனுக்குப் போனார்கள். ஆக, ஆபரேஷன் வாங்கித் தருவது பெரும்பாலும் நேரம். வேலைக்குத் திரும்பியே ஆக வேண்டும், வலியைத் தாங்க முடியவில்லை என்றால் எட்டு, பத்து வாரத்தில் செய்துகொள்வதில் தப்பு இல்லை. அது அவர் எடுக்கும் முடிவு, பயத்தில் எடுக்க வேண்டாம்.

நரம்பு மாத்திரை என்று பிரிகாபலின் கொடுத்திருந்தால் ஒரு தகவல். 2017இல் வெளியான 209 பேர் ஆய்வில் சயாட்டிகா எனப்படும் இந்தக் கால் நரம்பு வலிக்கு அது மருந்தில்லாத வெறும் மாத்திரையைவிட மேலாக வேலை செய்யவில்லை, தலைசுற்றல்தான் கூடியது. வண்டி ஓட்டுகிறவர் என்பதால் சொல்கிறேன். தானாகத் திடீரென்று நிறுத்தாமல் மருத்துவரிடம் பேசிக் குறைக்கட்டும்.

இப்போது எழுதுவதை அவரும் படிக்க வேண்டும். சிறுநீர் வந்தும் போக முடியாமல் அடைபடுவது, தெரியாமல் கசிவது, மலம் அடக்க முடியாமல் போவது, ஆசனவாயையும் பிறப்புறுப்பையும் சுற்றி மரத்துப்போவது, இரண்டு காலும் பலமிழப்பது: இதில் எது வந்தாலும் அந்த மணி நேரமே மருத்துவமனைக்குப் போக வேண்டும், நடுராத்திரியாக இருந்தாலும். முதுகுத்தண்டின் அடியில் இருக்கும் வால் நரம்புக் கொத்து நசுங்கிக்கொண்டிருக்கலாம். ஓர் இளைஞர் இரண்டு நாள் மனைவியிடமும் சொல்லாமல் இருந்துவிட்டு என்னிடம் வந்தார். 'அந்த இடம்' என்று சொல்லக் கூச்சம். ஆபரேஷன் செய்தேன், கால் திரும்பியது. சிறுநீர்க் கட்டுப்பாடு முழுதாகத் திரும்பவில்லை. அதற்குப் பிறகு கால் வலியோடு வருகிற எவரையும் இந்தக் கேள்விகளைக் கேட்காமல் நான் அனுப்பியதில்லை. நீங்களும் அவரைக் கேளுங்கள், தினமும் கேளுங்கள்.

பாதத்தைத் தூக்க முடியாமல் தரையில் இழுபட்டாலும், பலம் நாளுக்கு நாள் குறைந்தாலும் காத்திருக்கும் கணக்கு செல்லாது.

கேள்வி: அம்மாவுக்கு 69 வயது. ஐந்து நிமிடம் நடந்தால் இரண்டு காலும் கனத்து மரத்துவிடுகிறது. உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது. 'தண்டுவடப் பாதை சுருக்கம், எல்4 எலும்பு சற்று முன்னால் நகர்ந்திருக்கிறது' என்கிறார்கள். ஸ்க்ரூ, ராடு வைத்து இணைக்க வேண்டுமாம். அவசியமா?

பதில்: நின்றால் வலி, குனிந்தோ உட்கார்ந்தோ இருந்தால் நிம்மதி என்பது பாதைச் சுருக்கத்தின், அதாவது முதுகெலும்புக்குள் நரம்புகள் போகும் வழி குறுகியதன் அடையாளம். குனியும்போது பாதை கொஞ்சம் விரிகிறது. அதனால்தான் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு வெகுதூரம் போகிறவர்கள் வெறுங்கையோடு நிற்கத் தடுமாறுகிறார்கள். சும்மா நின்றாலே சரியாகிவிடுகிறது என்றால் கால் இரத்தக்குழாய் அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும். பாதத்தில் நாடி பார்த்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த நோய் எல்லோருக்கும் முற்றுவதில்லை. பலர் வருடக்கணக்கில் அப்படியே இருக்கிறார்கள். முன்குனிந்து செய்யும் பயிற்சி, உட்கார்ந்து மிதிக்கும் சைக்கிள், பிசியோ உதவியோடு நடை என்று சில மாதம் பார்க்கலாம். முதுகில் போடும் ஸ்டீராய்டு ஊசியை இந்த நோய்க்கு நான் அதிகம் நம்புவதில்லை. 400 பேரை வைத்துச் செய்த 2014 ஆய்வில், மரத்துப்போகும் மருந்தோடு ஸ்டீராய்டைச் சேர்த்ததால் ஆறு வாரத்தில் சொல்லிக்கொள்ளும்படி பலன் கூடவில்லை.

இதெல்லாம் போதாமல் அம்மாவின் உலகம் வீட்டு வாசலோடு சுருங்கிவிட்டால், ஆபரேஷன் நல்ல வழிதான். கால் வலியும் நடையும் நன்றாக மாறும், முதுகு வலி அந்த அளவு மாறாது. ஆனால் பாதையை விரிப்பது வேறு, எலும்பை இணைப்பது வேறு. ஸ்வீடனில் 247 பேர் (2016), நார்வேயில் எலும்பு நகர்வு இருந்த 267 பேர் (2021) என இரண்டு ஆய்வுகளிலும், பாதையை மட்டும் விரித்தவர்கள் ஸ்க்ரூ வைத்தவர்களுக்குச் சமமாகத் தேறினார்கள். ஸ்க்ரூ வைத்தால் ஆபரேஷன் நீளும், இரத்தம் கூடப் போகும். அதே 2016இல் அமெரிக்காவில் 66 பேரை வைத்து வந்த சிறிய ஆய்வு இணைப்புக்குச் சற்றுச் சாதகமாக இருந்தது, அதையும் மறைக்கவில்லை. எலும்பு குனியும்போது நிறைய அசைந்தாலோ, முதுகு வளைந்திருந்தாலோ ஸ்க்ரூ தேவைப்படலாம். எனவே சர்ஜனிடம் இப்படிக் கேளுங்கள்: 'அம்மாவுக்குப் பாதையை மட்டும் விரித்தால் ஏன் போதாது?' காரணத்தைக் குனிந்து, நிமிர்ந்து எடுத்த எக்ஸ்ரேயில் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால் இன்னொருவரிடம் கருத்துக் கேட்கத் தயங்க வேண்டாம்.

கேள்வி: குளுக்கோசமைன் மாத்திரை, இடுப்பு பெல்ட், டிராக்‌ஷன் (இடுப்பை எடை கட்டி இழுக்கும் சிகிச்சை) மூன்றும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தேய்ந்தது வளருமா?

பதில்: வளராது. தேய்மான முதுகு வலி உள்ள 250 பேருக்கு நார்வேயில் ஆறு மாதம் குளுக்கோசமைன் கொடுத்துப் பார்த்தார்கள் (2010). வெறும் மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. டிராக்‌ஷனும் பலன் காட்டவில்லை. பெல்ட் வேண்டுமானால் வலி கடுமையான சில நாட்களுக்கு, தைரியத்துக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

கேள்வி: ஆறு மாதத்துக்கு ஒருமுறை எம்ஆர்ஐ எடுத்துப் பார்ப்பது நல்லதா?

பதில்: எடுத்தால் சிகிச்சையில் எது மாறும் என்று எழுதிக் கொடுக்கிற மருத்துவரிடம் கேளுங்கள். கால் பலம் குறைந்திருக்கிறது, ஆபரேஷனுக்கு இடம் பார்க்க வேண்டும், காய்ச்சலோடு வலி என்றால் எடுங்கள். ஒன்றும் மாறாது என்றால் எடுக்க வேண்டாம்.