படத்தின் கீழே விளக்கம் எழுதலாமா?

அன்புள்ள ஐயா,

இலங்கை மலையகத்தில் நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வளர்ந்த என் அக்காவின் மகள், தன் தாய் லயக் காம்பராவில் (தொழிலாளர் வரிசை வீட்டின் ஓர் அறையில்) உறங்குவதைக் கரித்துண்டால் வரைந்து ஹட்டனில் காட்சிக்கு வைத்தாள். தலையில் மாட்டும் கொழுந்துக் கூடையின் கயிறு அழுத்தி அழுத்தி முன்தலையில் முடி உதிர்ந்த தடமும் படத்தில் இருக்கிறது. தோட்டத்தார் "எங்கள் மானத்தைக் கடை பரப்பிவிட்டாள்" என்கிறார்கள். கொழும்பிலிருந்து வந்தவர்களோ "எவ்வளவு அமைதியான படம்" என்றார்கள். இரு சாராருக்கும் புரியவில்லையென்று அவள் மனமுடைந்திருக்கிறாள். படத்தின் கீழே விளக்கம் எழுதலாமா?

வாசகர், நோர்வூட்

அன்புள்ள நண்பருக்கு,

எழுத வேண்டாம். இரு சாராரையும் உங்கள் மருமகள் ஒரே தட்டில் வைப்பதும் எனக்கு ஒப்பவில்லை.

தோட்டத்தாருக்குப் படம் நன்றாகவே புரிந்திருக்கிறது. அந்தத் தடம் என்னவென்று கண்டதும் தெரிந்ததால்தான் கோபம் வந்தது. அந்தக் கோபம் பழையது. 1875இல் இலங்கைக்கு வந்த பிரித்தானியப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரன், இங்கே தோட்டத் தொழிலாளரைப் படமெடுத்தார். 1879இல் டிக்கோயாவில் இறந்த அவருக்குப் பொகவந்தலாவைத் தேவாலயத்தில் பெயர் பொறித்த கல்லறை உண்டு. அவருடைய படங்களில் நிற்கும் தொழிலாளரில் பெரும்பாலோருடைய பெயரை எவரும் குறித்துவைக்கவில்லை. பின்னர் தேயிலைப் பெட்டியிலும் சுற்றுலாச் சுவரொட்டியிலும் கொழுந்து பறிக்கும் பெண் சிரித்துக்கொண்டே நிற்கிறாள். (அட்டை கடிக்கும் மழையில் இடுப்பில் படங்குத் துணி கட்டி மலையேறுகிறவளுக்கு என்ன சிரிப்போ!) தம் உருவத்தைப் பிறர் விற்கவே கண்டு பழகிய மக்கள், வீட்டுப் பெண்ணே வரைந்தாலும், யாருக்குக் காட்ட இதை வரைந்தாய் என்று கேட்கத்தான் செய்வார்கள். அந்தக் கேள்விக்குச் சீட்டு ஒட்டிப் பதில் சொல்ல இயலாது.

அமைதியைப் புகழ்ந்தவர்களே படத்தைப் பார்க்காதவர்கள். தடத்தை நிழலென்று நினைத்துக் கடந்துபோயிருப்பார்கள். விளக்கம் எழுதினால் அதைப் படித்து இரக்கப்படுவார்கள். அந்த இரக்கத்தால் படத்துக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

எனக்கு உறுத்துவது வேறொன்று. உறங்குகிறவரிடம் கேட்டு வரைய முடியாதுதான்; காட்சிக்கு வைக்குமுன் கேட்டிருக்கலாம். உங்கள் அக்கா என்ன சொன்னார் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. முதலில் அவரிடம் கேட்கச் சொல்லுங்கள். அவர் சம்மதித்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக் கோயில் மண்டபத்திலேயே படத்தை மாட்டலாம். திட்ட வருகிறவர்களில் எவராவது, கயிறு விழும் இடம் அதுவல்ல, இன்னும் சற்று மேலே என்று திருத்தினால், உங்கள் மருமகள் அதைக் குறித்துக்கொள்ளட்டும்.