மாட்டு உண்ணிக்கு மூலிகைக் கரைசல் கேட்குமா?

உண்ணிக்கு ஊசி போட்டால் மருந்து பாலில் கலப்பதால் பாலை விற்பனைக்கு ஊற்ற முடியவில்லை, மூலிகையில் வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. ஆனால் மாட்டின் மேல் மட்டும் அடித்துவிட்டு நிறுத்தினால் கேட்காது.

எங்கள் கறவை மாடுகளுக்கு நாங்கள் அடிப்பது, தேசிய பால்வள வாரியம் சொல்லிக்கொடுக்கும் கரைசல்தான். பூண்டு 10 பல், வசம்பு 10 கிராம், மஞ்சள் தூள் 20 கிராம். வேப்பிலை, வேப்பம்பழம், துளசி, உண்ணிச்செடி (லாந்தனா) இலை ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி. காய்ந்த வசம்பு லேசில் மசியாது, முதலில் இடித்துக்கொள்ளுங்கள். எல்லாம் அரைத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கி, துணியில் வடிகட்டுங்கள். வெயில் ஏறிய பிறகு உடம்பு முழுக்க அடித்து, காதுமடல், மடி இடுக்கு, வாலடி மூன்றிலும் துணியில் நனைத்துத் தேய்த்துவிட வேண்டும். கறக்குமுன் மடியை நன்றாகக் கழுவிவிடுங்கள். வடிகட்டிய சக்கையை மாட்டுக்கு எட்டும் இடத்தில் கொட்டவே கொட்டாதீர்கள். உண்ணிச்செடி வயிற்றுக்குள் போனால் மாட்டின் ஈரலைக் கெடுக்கும்.

அடித்த மறுநாளே உண்ணியெல்லாம் உதிர்ந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வேம்பில் உள்ள அசாடிராக்டின் பூச்சியை அடித்து வீழ்த்தும் நஞ்சு இல்லை. உண்ணி தோல் உரித்து வளர்வதை அது தடுக்கும், அதற்கு நாள் பிடிக்கும். மாட்டு உண்ணி குஞ்சாக ஏறியதிலிருந்து முதிர்ந்து கீழே விழும்வரை சுமார் மூன்று வாரம் ஒரே மாட்டில்தான் இருக்கும். அதனால் வாரம் ஒருமுறை, உண்ணி அடியோடு போகும்வரை விடாமல் அடிக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய வேலை தொழுவத்தில் இருக்கிறது. இரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலும் கல் இடுக்கிலும் 2,000, 3,000 என்று முட்டையிடும். பொரித்த குஞ்சுகள் தீனியில்லாமலே மாதக்கணக்கில் காத்துக் கிடக்கும். ஊசி போட்டாலும் உண்ணி திரும்பத் திரும்ப வருவது இதனால்தான். வெடிப்புகளைப் பூசி அடையுங்கள், சுண்ணாம்பு அடியுங்கள், அதே கரைசலை இடுக்குகளிலும் பீய்ச்சுங்கள். தொழுவத்தில் நாலு நாட்டுக்கோழி மேய்ந்தால் இன்னும் நல்லது, பொறுக்கித் தின்றுவிடும். பிடுங்கிய உண்ணியைத் தரையில் போட்டு மிதிக்காமல் தீயில் போடுங்கள்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். மாட்டுக்குக் கடும் காய்ச்சல், தொடைக்கு முன்னாலோ தோளருகிலோ நெறிகட்டி வீக்கம், காபி நிறத்தில் சிறுநீர், வெளிறிய கண் இமை, இதில் எது தெரிந்தாலும் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அதற்கு எந்தக் கரைசலும் உதவாது. கலப்பின மாடு வெகு சீக்கிரம் சாய்ந்துவிடும். அன்றைக்கே கால்நடை மருத்துவரை வரவழையுங்கள். ஊரில் மருத்துவமனை இல்லையென்றால் கால்நடை உதவி எண் 1962-க்கு அழையுங்கள்.