ஜெயிக்க மாட்டார்னு தெரிஞ்சே ஓட்டு போடலாமா?

கேள்வி: அக்கா, எங்களுக்கு ராமநாதபுரம் மாவட்டத்துல ஒரு கடலோர ஊரு. நான் கவர்மென்ட் ஸ்கூல் டீச்சர். அப்பா நாட்டுப்படகு வெச்சு தொழில் பாக்குறாரு, முப்பது வருஷமா ஒரே கட்சி. இந்த சட்டமன்றத் தேர்தல்ல எங்க தொகுதியில சுற்றுச்சூழல் போராட்டங்கள்ல இருக்குற ஒருத்தர் சுயேச்சையா நிக்கிறாரு, கடல்ல எண்ணெய்க் கிணறு கூடாதுங்கிறதுதான் அவரோட முக்கியமான பேச்சு. அவருக்கு வேலை செய்யணும்னு எனக்கும் தம்பிக்கும் ஆசை. அப்பாவோ 'ஓட்டை வேஸ்ட் பண்ணாதீங்க, என் மானத்தையும் வாங்காதீங்க'ன்னு கத்துறாரு. என்ன பண்றது?

பதில்: தங்கச்சி, உங்க அப்பாவை 'பழைய ஆளு, புரியாது'ன்னு ஒதுக்கிடாதம்மா. அவரு போடுற கணக்கு வேற. நாளைக்கு இலங்கை நேவி படகைப் பிடிச்சுட்டுப் போயிட்டா ராத்திரியில யாருக்கு போன் போடுறது, நிவாரணப் பணம் வரலைன்னா ஆபீஸ்ல யாரு போய் நிப்பா, மானிய டீசல்ல இழுத்தடிச்சா யாரு பேசுவா, இதுக்கெல்லாம் ஒரு கட்சிக்காரர் நம்பர் கையில வேணும், அந்த நம்பர் போயிடுமோங்கிற பயம்தான் கோபமா வருது. நியாயமான பயம்தான் அது.

இதுக்கு நீ பவளப்பாறை, கடல்பசுன்னு பாடம் எடுத்தா எடுபடாது (டீச்சருங்களுக்கு இந்த வியாதி உண்டு, கோச்சுக்காத). நாகூர் பட்டினச்சேரியில 2023 மார்ச்ல குழாய் உடைஞ்சு கச்சா எண்ணெய் கடல்ல கலந்துச்சுல்ல, குழாயையே எடுங்கன்னு ஜனங்க போராடுனாங்கல்ல, அந்தப் பக்கம் உங்களுக்கு சொந்தக்காரங்க யாராவது இருப்பாங்க, அவங்களை விட்டு அப்பாகிட்ட பேசச் சொல்லு. தொழில் பாக்குறவர் சொன்னா தொழில் பாக்குறவர் கேப்பாரு.

இப்ப வேட்பாளர் விஷயத்துக்கு வரேன். உங்க கடலோரத்துல நின்னுக்கிட்டு 'எண்ணெய்க் கிணறை எதிர்க்கிறேன்'னு சொல்றது ஒண்ணும் பெரிய தைரியம் இல்லம்மா, அங்க வேற எதுவும் பேசவே முடியாது, எல்லாக் கட்சியும் அதைத்தான் சொல்லும். எங்க கை வெச்சா நிறுத்தலாம்னு தெரிஞ்சு வெச்சிருக்காராங்கிறதுதான் எனக்குக் கேள்வி. ஏன்னா கடலுக்கு அடியில இருக்குற எண்ணெய் அரசியல் சாசனத்தோட 297வது பிரிவுப்படி ஒன்றிய அரசோட சொத்து, எண்ணெய் வயல் சம்பந்தமான அதிகாரமும் ஒன்றியப் பட்டியல்லதான் இருக்கு. ஒரு எம்.எல்.ஏ கையெழுத்து போட்டு எந்த பிளாக்கையும் (எண்ணெய் தேடி எடுக்க ஒதுக்குற பகுதி) ரத்து பண்ண முடியாது. 'நான் ஜெயிச்சா அடுத்த நாளே நிறுத்திடுவேன்'னு அவரு மேடையில பேசினா எனக்கு அவரு மேல கொஞ்சம் சந்தேகம் வந்துடும்.

அப்ப எம்.எல்.ஏ.வால ஒண்ணுமே ஆகாதான்னா, ஆகும். 2025ல என்ன நடந்துச்சுன்னு பாரு. பிப்ரவரியில ஒன்றிய அரசு ஏலத்துக்கு விட்ட லிஸ்ட்ல மன்னார் வளைகுடாவை ஒட்டி கிட்டத்தட்ட 10,000 சதுர கிலோமீட்டர் ஆழ்கடல் பிளாக் ஒண்ணு இருந்துச்சு. மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகமே மொத்தம் 10,500தான், அப்ப எவ்வளவு பெரிசுன்னு யோசிச்சுக்க. அதை எடுத்துடுங்கன்னு மார்ச்ல முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதுனாரு. நல்லது. ஆனா அதே வருஷம் உங்க மாவட்டத்துல தரையில ஓ.என்.ஜி.சி 20 சோதனைக் கிணறு தோண்ட அனுமதி கொடுத்தது யாரு தெரியுமா, இங்க சென்னையில இருக்குற மாநில சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டு ஆணையம். விஷயம் வெளிய வந்து சத்தம் ஆனதும் ஆகஸ்ட்ல அனுமதியை வாபஸ் வாங்கச் சொல்லி மாநில அரசு ஆணையத்துக்குச் சொல்லுச்சு. இது எப்படி இங்க வந்துச்சுன்னா, 2020 ஜனவரியில ஒன்றிய அரசு விதியை மாத்தி, எண்ணெய் இருக்கான்னு தேடிப் பாக்குற சோதனைக் கிணறுகளை, தரையோ கடலோ, மாநில அளவிலேயே முடிச்சுக்கலாம், மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமும் வேணாம்னு ஆக்கிட்டாங்க. ஊருக்குத் தெரியாம ஃபைல் நகர்றதுக்குக் காரணமே இதுதான். சட்டமன்றத்துல உக்காந்து அந்த ஆணையத்துக்கு என்ன அப்ளிகேஷன் வந்திருக்குன்னு ஒவ்வொரு கூட்டத்தொடர்லயும் கேள்வி கேட்டுக் குடையுற ஆளு ஒருத்தர் இருந்தா கதை வேற.

அதனால பிரச்சாரத்துக்கு வரும்போது இந்த 2020 விதியைப் பத்தி அவருகிட்ட கேளு. டெல்டா பக்கம் புதுசா எண்ணெய், எரிவாயு கிணறு தோண்டத் தடை போட்டு அதே 2020ல வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்துல ராமநாதபுரம் ஏன் இல்ல, அதுல சேத்தாலும் அந்தச் சட்டம் நிலத்தோட நின்னுடுதே, கடலுக்கு என்ன வழின்னும் கேளு. தடுமாறினா பரவாயில்ல, 'தெரியலம்மா, படிச்சுட்டு வந்து சொல்றேன்'னு சொல்றாரா, இல்ல மழுப்புறாரான்னு மட்டும் கவனி.

ஓட்டு வேஸ்ட்டான்னு கேட்டிருக்க. ஜெயிப்பாருன்னு பொய் சொல்ல மாட்டேன். 2014 நாடாளுமன்றத் தேர்தல்ல கூடங்குளம் போராட்டத் தலைவர்கள் உதயகுமார் கன்னியாகுமரியிலயும் புஷ்பராயன் தூத்துக்குடியிலயும் நின்னு டெபாசிட்டே போச்சு. போராட்டத்துக்கு ஊரே திரண்டு வந்துச்சு, ஓட்டுக்கு வரல. காரணம் உங்க அப்பா சொல்றதுதான், அந்த போன் நம்பர். ஆனா இதோட இன்னொரு பக்கமும் இருக்கு. எலெக்‌ஷன் முடிஞ்சதும் ஃபார்ம் 20ன்னு ஒண்ணு போடுவாங்க, எந்த பூத்துல யாருக்கு எத்தனை ஓட்டுன்னு அதுல அப்படியே இருக்கும். தொகுதி முழுக்க பரவிக் கிடக்குற ரெண்டாயிரம் ஓட்டை யாரும் சட்டை பண்ண மாட்டாங்க, ஆனா கடலோர பூத்துகள்ல வரிசையா முன்னூறு நானூறுன்னு விழுந்திருந்தா, அடுத்த தடவை உங்க அப்பா கட்சி மாவட்டச் செயலாளரே வந்து ஊர்க்கூட்டத்துல கையைக் கட்டிக்கிட்டு உக்காருவாரு. என்னைக் கேட்டா அது வேஸ்ட் இல்ல, அதனால ஆளு சரியா இருந்தா தாராளமா போடு.

ஆனா ஒண்ணு, நீ வேலை செய்யக் கூடாது. அரசு ஊழியர் எந்த வேட்பாளருக்கும் தேர்தல் ஏஜென்ட்டாவோ பூத் ஏஜென்ட்டாவோ கவுன்டிங் ஏஜென்ட்டாவோ உக்காந்தா மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 134ஏ பிரிவுல குற்றம், மூணு மாசம் வரைக்கும் ஜெயில்கூட உண்டு. நடத்தை விதிப்படி பிரச்சாரமும் கூடாது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல சின்னம் வெக்கிறது, ஸ்டாஃப் ரூம்ல நோட்டீஸ் கொடுக்கிறது எல்லாத்தையும் மறந்துடு, ஸ்கிரீன்ஷாட் எடுக்க ஒருத்தர் எப்பவும் ரெடியா இருப்பாரு. தம்பி போகட்டும். சுயேச்சைக்கு பூத் ஏஜென்ட் கிடைக்கிறதுதான் பெரிய கஷ்டம், கட்சிக்காரங்க உக்காந்திருக்குற பெஞ்சுல இவரு பேரைச் சொல்ல ஒரு ஆளு இருந்தாலே பெரிய உதவி. அதே பூத்துல அப்பா கட்சி ஏஜென்ட்டும் உக்காந்திருப்பாரு, அதனால தம்பி முன்னாடியே அப்பாகிட்ட நேரா சொல்லிட்டுப் போகட்டும், மத்தவங்க சொல்லி அவரு தெரிஞ்சுக்கிட்டா அதுதான் மானம் போறது.

உனக்கு எப்படியும் எலெக்‌ஷன் டியூட்டி போடுவாங்க. தபால் ஓட்டுக்கு டிரெயினிங் அன்னைக்கே ஃபார்ம் 12 கொடுத்துடு. 2016ல ராதாபுரத்துல வித்தியாசமே 49 ஓட்டுதான், அங்க தபால் ஓட்டோட வெச்சு அனுப்புற உறுதிமொழிப் படிவத்துல தலைமையாசிரியர் அட்டெஸ்ட் பண்ணது செல்லாதுன்னு 203 தபால் ஓட்டை ஒதுக்கிட்டாங்க, கேஸ் ஹைகோர்ட் போயி 2019லதான் எண்ணச் சொல்லி உத்தரவே வந்துச்சு. அதனால உறுதிமொழிப் படிவத்துல உங்க எச்.எம் கையெழுத்து வாங்கி ரிஸ்க் எடுக்காத, ஓட்டு போட செட் பண்ணியிருக்குற சென்டர்ல இருக்குற அதிகாரிகிட்டயே வாங்கி, கவருக்குள்ள எது எது போகணும்னு கேட்டு ஒட்டிட்டு வா.